டெவலப்பர் பணம் பாடாங்குக்கு வந்து சேர்ந்த கதை: பினாங்கு தாமான் ஒன்னுல நடந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது பினாங்குல ஒரு தாமான்ல (வீடமைப்புப் பகுதி) பக்கத்துல கொண்டோ கட்டின டெவலப்பரை வெச்சே பாடாங்கை, அதாவது பொது மைதானத்தை, சரி பண்ணிக்கிட்ட கதை, 2018-ல ஆரம்பிச்சு 2024 வரைக்கும் இழுத்த விஷயம். தாமான் பேரு, டெவலப்பர் பேரு, எந்த கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்), எதுவும் போடல, ஏன்னா சம்பந்தப்பட்டவங்க பாதி பேரு இன்னும் அங்கதான் குடியிருக்காங்க, மீதி பேரு இன்னும் அதே வேலையிலதான் இருக்காங்க. நான் திட்டமிடல் துறையில வேலை பார்க்கிறதால பிளானைப் படிச்சு சொல்றது, கடிதம் எழுதறதுன்னு அங்க உள்ள குடியிருப்பாளர் சங்கத்துக்கு உதவினேன். மத்த தாமான்கள்ல பக்கத்துல புதுசா கட்டப்போறாங்கன்னு கவுன்சில் நோட்டீஸ் வந்தா என்ன செய்யலாம்னு அடிக்கடி கேக்கிறாங்க, அதுக்காகத்தான் முழுசா எழுதறேன்.

80கள்ல கட்டின நாலு பிளாக் லோ காஸ்ட் பிளாட், அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் டெரஸ் வீடு, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,500 பேரு. தோட்டத்துலேர்ந்து வெளியேறி வந்த தமிழ்க் குடும்பங்க நிறைய, மலாய்க்காரங்க, சீனவங்களும் கலந்து இருக்காங்க. நடுவுல ஒரு பாடாங், அரை ஹெக்டேர் இருக்கும். காலையில சீன ஆன்ட்டிங்க எக்சர்சைஸ் பண்ணுவாங்க, சாயங்காலம் பசங்க பந்து விளையாடுவாங்க, தீபாவளி ஓப்பன் ஹவுஸ், ஹரி ராயா விருந்து எல்லாமே அங்கதான் கூடாரம் போட்டு நடக்கும். வேற இடமே கெடையாது.

பாடாங்குக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய லோங்காங் (வடிகால்), அதைத் தாண்டி ரெண்டரை ஏக்கர்ல மூடிப் போட்ட பழைய கிடங்கு. அந்த நெலத்துலதான் 300 யூனிட் கொண்டோ வரப்போகுதுன்னு 2018-ல தெரிய வந்துச்சு.

நோட்டீஸுக்கு முன்னாடியே பார்த்து வெச்சிருந்தது

இதுல சங்கத்துக்கு பெரிய பலமா இருந்தது ஒன்னு. 2017 நவம்பர் 4 ராத்திரி தொடங்கி மறுநாள் வரைக்கும் பினாங்கையே முக்கி எடுத்த மழை ஞாபகம் இருக்கும், அன்னிக்கு இந்தப் பாடாங்கும் முழங்காலுக்கு மேல தண்ணி. மத்த இடத்துல எல்லாம் வடிஞ்சு போயும் இங்க மட்டும் நாள் கணக்கா தேங்கி நின்னுச்சு. அதுக்கு அப்புறம்தான் சங்கத்துல உள்ள ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா ஒருத்தங்க ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துல எழுத ஆரம்பிச்சாங்க: எந்தத் தேதி மழை, தண்ணி எங்க எங்க நிக்குது, எத்தனை நாள் நிக்குது, காலையில யாரு வராங்க, சாயங்காலம் யாரு வராங்க, யாரு வர்றதில்ல. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். ஆறரை மணிக்கு மேல பொண்ணுங்க ஒருத்தரும் இல்லன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தாங்க, காரணமும் பக்கத்துலயே இருந்துச்சு, முழு பாடாங்குக்கும் ஒரே ஒரு விளக்கு, அதுவும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி.

ஏன் தண்ணி நிக்குதுன்னு பார்க்க ஒரு ஞாயித்துக்கெழமை சங்கத்து ஆளுங்களோட போய் பார்த்தோம். ரோட்டுக்கு மேல மேல தார் போட்டு போட்டு ரோடு ஒசந்து போச்சு, பாடாங் ஒரு சாண் அளவுக்கு கீழ கெடக்கு. தண்ணி வெளிய போக ஒரே ஒரு சிமெண்டு குழாய்தான். வயரிங் வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தரு ஒரு இரும்புக் கம்பியை அதுக்குள்ள விட்டுப் பார்த்தாரு, கையளவுகூட உள்ள போகல. கையை விட்டு இழுத்தா முதல்ல சாப்பாடு கட்டற வெள்ளை போலிஸ்டைரின் பெட்டி, அப்புறம் சகதி, அதுக்கும் பின்னாடி அங்சானா மரத்தோட வேரு முடி முடியா உள்ள வளர்ந்து அடைச்சிருந்துச்சு. அதை அப்படியே போட்டோ எடுத்து வெச்சாங்க. பிற்பாடு கவுன்சில் நடத்தின ஹியரிங்ல (ஆட்சேப விசாரணை) எல்லாரையும் யோசிக்க வெச்சது அந்தப் போட்டோதான், நான் எழுதின கடிதம் இல்ல.

நோட்டீஸும் 21 நாளும்

தீபகற்ப மாநிலங்கள்ல திட்டமிடலுக்கு 1976-ஆம் வருஷத்து நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. (கோலாலம்பூருக்கு வேற, 1982-ல வந்த சட்டம் 267.) ஒரு இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் (எந்த நெலத்துக்கு என்ன உபயோகம், எவ்வளவு அடர்த்தின்னு சொல்ற திட்டம்) அமல்ல இல்லன்னா, புதுசா கட்ட மனு வந்தா பக்கத்து நெலத்துச் சொந்தக்காரங்களுக்கு கவுன்சில் எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும், அவங்க 21 நாளைக்குள்ள ஆட்சேபம் எழுதிக் குடுத்தா கூப்பிட்டு விசாரிக்கணும், இது 21-ஆம் பிரிவு. எங்க பகுதிக்கு அப்போ உள்ளூர்த் திட்டம் அமல்ல இல்ல.

முதல் பிரச்சன, பிளாட் ஆளுங்க ‘பக்கத்து நெலம்’ கணக்குல வருவாங்களா? நடுவுல லோங்காங் ரிசர்வ் இருக்கே, ஒட்டின நெலம் இல்லையேன்னு ஒரு பேச்சு வந்துச்சு. சட்டத்துல இதுக்கு அளவு இருக்கு, நடுவுல ரோடோ சந்தோ லோங்காங்கோ ரிசர்வ் நெலமோ இருந்து அதோட அகலம் 20 மீட்டருக்கு மேல போகலன்னா அதுவும் பக்கத்து நெலம்தான். பிளாட்டோட ஒரு முனைக்கும் கிடங்கு வேலிக்கும் நடுவுல லோங்காங் மட்டும்தான், டேப் வெச்சு அளந்தோம், 20 மீட்டருக்கு நல்லாவே உள்ளதான் வந்துச்சு. ஸ்ட்ராட்டா டைட்டிலும் (பிளாட்டுல ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமைப் பத்திரம்) கைக்கு வந்துட்டதால வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரும் சொந்தக்காரங்களா கையெழுத்துப் போட முடிஞ்சுது. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அந்த உரிமை கெடையாது, அதைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

நோட்டீஸ் வந்த அன்னிக்கு ராத்திரி கூட்டம் ரெண்டா பிரிஞ்சு போச்சு. ஒரு பக்கம் கொண்டோவே வரக்கூடாதுன்னு, இன்னொரு பக்கம் எப்படியும் வரத்தான் போகுது வாங்கறதை வாங்கிக்குவோம்னு. ரெண்டு பேரு சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. கடைசியா ரெண்டையும் பிரிச்சே எழுதறதுன்னு முடிவு பண்ணாங்க: டிராபிக், உயரம் இதுக்கான ஆட்சேபம் ஒரு கடிதம், ஒருவேளை அனுமதி குடுத்தா பாடாங்குக்கு என்ன நிபந்தனை போடணும்ங்கிறது தனி கடிதம், அதுல இதை எழுதறதால முதல் ஆட்சேபம் வாபஸ் ஆகலன்னு முதல் வரியிலயே போட்டாங்க. பாடாங்கைக் குடுத்துட்டு வாய அடைக்கிற பேரம் ஆயிடக்கூடாதுங்கிறதுதான் காரணம். (டிராபிக் விஷயத்துல கார் வெளியேறும் வாசல் ஒன்னை வேற ரோட்டுக்கு மாத்தினாங்க, உயரம் கொறையல.)

எதை வெச்சு கேட்டோம்

வீடமைப்புத் திட்டத்துல மொத்த நெலத்துல 10 விழுக்காடு திறந்தவெளியா விடணும்னு வழிகாட்டி இருக்கிறது நிறைய பேருக்குத் தெரியும். ஆனா சின்ன நெலத்துல அந்த 10 விழுக்காடு என்ன ஆகுதுன்னு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கிறதில்ல. ரெண்டரை ஏக்கர்னா ஏறக்குறைய ஒரு ஹெக்டேர், அதுல 10 விழுக்காடு 1,000 சதுர மீட்டர். திறந்தவெளி வரிசையிலயே ஆகச் சின்னதான லோட் பெர்மாய்னனுக்கே (குட்டி விளையாட்டுத் திடல்) 0.2 ஹெக்டேர் வேணும், அதாவது இதோட ரெண்டு மடங்கு. அதனால அந்த 1,000 சதுர மீட்டரும் வேலி ஓரமா ஒரு பூச்செடிப் பட்டையாவும் கேட்டுக்கு உள்ள ஒரு புல் தரையாவும்தான் பிளான்ல இருந்துச்சு. வெளிய உள்ள ஆளு உள்ள போக முடியாது, உள்ள உள்ள பிள்ளைங்க ஓட இடம் இல்ல, அப்போ 300 குடும்பத்துப் பிள்ளைங்களும் எங்க வருவாங்க? லோங்காங்கைத் தாண்டி இந்தப் பாடாங்குக்குத்தான்.

நாட்டோட இலக்கு 1,000 பேருக்கு 2 ஹெக்டேர் திறந்தவெளி. 2,500 பேருக்கு 5 ஹெக்டேர் இருக்கணும், இருக்கிறது அரை. கொண்டோவுல இன்னொரு 1,000 பேரு வந்தா 7 ஹெக்டேர் இருக்கணும், இருக்கிறது அதே அரை. இந்த நாலு நம்பரையும் ஒரே தாள்ல பெரிய எழுத்துல போட்டு ஹியரிங்குக்கு கொண்டு போனாங்க. நெலத்தைக் கூட்ட முடியாது, சரி, இருக்கிற அரை ஹெக்டேர் மழைக்கு மறுநாளே நடக்கிற மாதிரி, இருட்டின பிறகும் பயமில்லாம இருக்கிற மாதிரி ஆகணும், புதுசா வர்றவங்க சுமையும் இதுலதான் விழப்போகுது, அதனால டெவலப்பர் இதுல பங்கு எடுக்கணும். வாதம் அவ்வளவுதான்.

பேச்சுவார்த்தையும் முடிவுகளும்

டெவலப்பர் தரப்புல வந்தவங்க மரியாதையாத்தான் பேசினாங்க. முதல்ல மூணு விஷயம் முன்வெச்சாங்க: பாடாங் வாசல்ல ஒரு வளைவு, எட்டு ஜிம் சாமான், சுத்தி ராஜா பனை மாதிரி அலங்கார பனை. இல்லன்னா இதுக்குச் சமமான தொகையை கவுன்சில்ல கட்டிடறோம்னாங்க. அது மூணு லட்சம் வெள்ளிக்குக் கொஞ்சம் கீழ.

முதல் முடிவு, காசா வேணாம், வேலையா வேணும். காரணம் சொல்றேன். டெவலப்பர்கிட்டேர்ந்து கவுன்சிலுக்கு காசு போற வழி பல இருக்கு, சட்டம் 133-ல (தெரு, வடிகால், கட்டடச் சட்டம்) 132-ஆம் பிரிவுல இம்ப்ரூவ்மெண்ட் சர்வீஸ் ஃபண்டுன்னு ஒன்னு இருக்கு, ரோடு, வடிகால், அழகுபடுத்தற வேலைக்கெல்லாம் அதுலேர்ந்து எடுக்கலாம். அந்தக் காசு எந்தத் தாமான்லேர்ந்து வந்துச்சோ அதே தாமானுக்குத்தான் போகும்னு எதுவும் கட்டாயப்படுத்தல, வேற இடத்துல அவசரமா ஒரு லோங்காங் இடிஞ்சா அங்க போகும், அதுவும் நியாயமான செலவுதான். இங்கிலாந்துல 1990-ஆம் வருஷத்து திட்டமிடல் சட்டத்துல 106-ஆம் பிரிவுன்னு ஒன்னு உண்டு, டெவலப்பரோட ஒப்பந்தம் போட்டு இந்தப் பூங்காவுக்கு இவ்வளவுன்னு எழுதி, குறிப்பிட்ட காலத்துக்குள்ள செலவாகலன்னா திருப்பிக் குடுக்கணும்னும் போடறது வழக்கம். நம்மகிட்ட அந்த மாதிரி கட்டு இல்ல, அதனால வேலையையே நிபந்தனையா எழுதி வாங்கறதுதான் உறுதியான வழின்னு நெனச்சோம். இன்னிக்கும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

சங்கத்துக்கே ஒரு நன்கொடையா குடுத்துட்டா நாங்களே செஞ்சுக்குவோமேன்னும் சில பேரு கேட்டாங்க. கூட்டத்துல அதை நிறுத்தினது ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), ரொம்ப வருஷமா சங்கத்து கணக்கைப் பார்க்கிறவரு. ஆட்சேபம் போட்ட சங்கம் அதே டெவலப்பர்கிட்ட காசு வாங்கினா நாளைக்கு நம்ம பேச்சுக்கு என்ன மதிப்புன்னு கேட்டாரு. யாரும் பதில் சொல்லல, அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது.

ரெண்டாவது முடிவு, வரிசை. முதல்ல தண்ணி, ரெண்டாவது நடைபாதையும் விளக்கும், மூணாவது நிழல், நாலாவது பிள்ளைங்க விளையாட்டுச் சாமான், ஜிம் கடைசி. சாமான்தான் போட்டோவுல அழகா தெரியும், அதனால எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க, ஆனா சேத்துல நட்ட ஊஞ்சல்ல பிள்ளைங்க ஏறாது, ரெண்டு மழைக்காலத்துல அடிக்கம்பி துரு பிடிச்சுடும். மண்ணுக்கு அடியில ஓட்டை போட்ட குழாய், அதைச் சுத்தி ஜல்லி, தரையை லேசா சரிவு பண்ணி ஓரத்துல ஒரு புல் வாய்க்கால், அடைச்ச குழாய்க்குப் பதிலா பெரிய கல்வெர்ட்டு. செலவுல பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கே போகும்னு தெரிஞ்சும் கூட்டம் ஒத்துக்கிச்சு, அதுக்கு டீச்சரோட நோட்டுப் புத்தகம்தான் காரணம்.

வளைவு வேணாம்னு சொன்னோம். பனைக்குப் பதிலா மகிழ மரமும் புன்னையும் கேட்டோம், ரெண்டும் இந்த மண்ணுக்கு ஒத்து வரும், அகலமா நிழல் குடுக்கும். பனை நிழல் தராது, காஞ்ச மட்டை விழுந்தா ஆபத்து வேற.

மூணாவது, எழுத்து. அனுமதிக் கடிதத்துல நிபந்தனையா நாலு விஷயம் வரணும்னு கேட்டோம், வந்துச்சு: பாடாங்கோட லோட் நம்பர், இணைச்ச வரைபடத்தோட நம்பர், சிசிசிக்கு (கட்டடம் முடிஞ்சு குடியேறலாம்ங்கிற சான்றிதழ்) முன்னாடி வேலை முடியணும், முடிஞ்ச நாள்லேர்ந்து ரெண்டு வருஷ பராமரிப்பும் அதுக்கு பேங்க் கேரண்டியும். இதுல மூணாவது வரிதான் உயிர். 2007-லேர்ந்து கட்டடத்துல குடியேற கவுன்சில் சிஎஃப்னு பழைய சான்றிதழ் குடுக்கிறது போய், ஆர்க்கிடெக்ட்டோ இன்ஜினியரோ சிசிசி குடுக்கிற முறை வந்துச்சு, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்னா உள்ள 21 ஜி படிவமும் கையெழுத்தாகணும், லேண்ட்ஸ்கேப்பும் அதுல ஒன்னு. சிசிசி இல்லாம சாவி குடுக்க முடியாது, சாவி குடுக்காம இழுத்தா வீடு வாங்கினவங்களுக்கு டெவலப்பர் நஷ்டஈடு கட்டணும். பாடாங் வேலையை அந்த வாசல்ல கொண்டு போய் கட்டிட்டா யாரும் மறக்க மாட்டாங்க.

இதோடவே லேண்ட் ஆபிஸ்ல பாடாங்கோட நெலைமையைப் பார்த்தோம். 80கள்ல பழைய டெவலப்பர் மாநில அரசுகிட்ட ஒப்படைச்ச நெலம்தான், ஆனா தேசிய நிலச் சட்டம் 62-ஆம் பிரிவுப்படி திறந்தவெளியா கெஜட் ஆகல (அரசிதழ்ல அறிவிக்கல). பொது நெலம்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க, தாள்ல பாதுகாப்பு கெடையாது. கெஜட் ஆகட்டும் அப்புறம் வேலைன்னு காத்திருந்தா டெவலப்பரோட வேலை முடிஞ்சு போயிடும், அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல தள்ளறதுன்னு முடிவு. கெஜட் மனுவை வைபி (தொகுதி மக்கள் பிரதிநிதி) ஆபிஸ் மூலமா அனுப்பினாங்க.

வேலை நடந்த காலம்

2019-ல கொண்டோவுக்கு பைலிங் (அஸ்திவார வேலை) ஆரம்பிச்சுது. 2020 மார்ச் 18-ல எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு), எல்லாம் நின்னுச்சு, பாடாங்குக்கும் டேப் கட்டிட்டாங்க. அந்த மாசங்கள்ல பிளாட்டுல சின்ன வீட்டுக்குள்ள ஆறு ஏழு பேரு அடைஞ்சு கெடந்தப்பதான் இந்த அரை ஹெக்டேர் எவ்வளவு பெரிய விஷயம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

2021-ல டெவலப்பர்கிட்டேர்ந்து ஒரு கடிதம், இரும்பு, சிமெண்டு எல்லாம் வெல ஏறிப் போச்சு, பாடாங் வேலையை 2018 மதிப்புலயே காசாக் கட்டிடறோம்னு. அவங்க கஷ்டம் நிஜம்தான், ஆனா அந்தக் காசுல 2021-ல பாதி வேலைகூட முடியாது. நிபந்தனை தொகையா இல்லாம வேலையா எழுதியிருந்ததால கவுன்சில் அதிகாரிங்க அதுல உறுதியா நின்னாங்க, அவங்களுக்கு இங்க நன்றி சொல்லணும். சங்கமும் ஒரு படி எறங்கி வந்துச்சு: ஜிம் சாமான் எட்டுக்குப் பதிலா மூணு, விளையாட்டு மேடைக்கு கொஞ்சம் எளிமையான மாடல். தண்ணி வேலை, விளக்கு, பாதை, மரம் இதுல ஒன்னும் கொறைக்கலாகாதுன்னு எழுதிக் குடுத்தாங்க. வரிசை முன்னாடியே தீர்மானம் ஆனதால எதை விடறது எதைப் பிடிக்கிறதுன்னு அப்போ சண்டை வரல.

ஜல்லியைக் கொட்டறதுக்கு முன்னாடி குழாய் பதிச்ச பள்ளத்தை சங்கத்து ஆளுங்க நேர்ல பார்த்தாங்க. ஒரு இடத்துல சரிவு தலைகீழா இருந்துச்சு, சூப்பர்வைசர்கிட்ட காட்டினதும் மறுநாளே தோண்டி திருத்திக் குடுத்தாரு. மூடினதுக்கு அப்புறம்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

என்ன ஆச்சு

2022 நடுவுல சிசிசி. அதே வருஷம் செப்டம்பர், அக்டோபர் மழைதான் பரீட்சை, பினாங்குல ஆக அதிகமா பேயறது அந்த மாசங்கள்லதான். டீச்சர் அக்கா மறுபடியும் நோட்டை எடுத்தாங்க. ராத்திரி கொட்டின மழை காலையில எட்டு மணிக்கெல்லாம் வடிஞ்சு போயிருந்துச்சு, ஒரு மூலையில மட்டும் ஈரம்.

ரெண்டு மீட்டர் பாதையில இப்போ சக்கர நாற்காலியில ரெண்டு தாத்தாங்க வராங்க. அஞ்சு விளக்கு போட்டதுக்கு அப்புறம் எட்டரை மணி வரைக்கும் அம்மா, பொண்ணுங்க நடக்கிறாங்க, பூப்பந்து கட்டம் அவங்களே சாயம் போட்டுக்கிட்டாங்க. நட்ட மரத்துல ரெண்டு பட்டுப் போச்சு, பேங்க் கேரண்டி இருந்ததால கேட்டதும் மாத்திக் குடுத்தாங்க. கொண்டோ ஆளுங்க லோங்காங்குக்கு மேல உள்ள நடைப்பாலம் வழியா வராங்க, முதல்ல கொஞ்சம் மொறைப்பு இருந்துச்சு, பிள்ளைங்க ஒரே டீம்ல ஆட ஆரம்பிச்சதும் அது தானா கொறஞ்சுது.

கெஜட் ஆனது 2023 கடைசியிலதான். அதே வருஷம் ஏப்ரல் 18-ல கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்குல பெடரல் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, பூங்கா நெலத்துல குடுத்த கட்டுமான அனுமதி ரத்துன்னு. அங்க பூங்காவுக்காகப் போராடினவங்களுக்கு அது வெற்றி, ஆனா பக்கத்துலயே நீள வீட்டுல பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்க 80கள்லேர்ந்து நிரந்தர வீட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க, அந்தத் திட்டத்துல அவங்களுக்கும் வீடு இருந்துச்சு. ஏழைங்க வீட்டையும் பூங்காவையும் ஒரே நெலத்துல எதிர் எதிரா நிறுத்தற நெலைமை வரவே கூடாது, நெலத்தோட நெலைமை தாள்ல முன்னாடியே தெளிவா இருந்தா அந்த அளவுக்குப் போகாதுன்னு நான் நெனைக்கிறேன்.

சரியா வராதது பராமரிப்பு. 2024 நடுவுல ரெண்டு வருஷம் முடிஞ்சு கவுன்சில்கிட்ட ஒப்படைச்சதும் புல் வெட்டற இடைவெளி நீண்டுச்சு, புல் வாய்க்கால்ல லாலாங் (களைப் புல்) மொளைக்குது, விளையாட்டு இடத்து ரப்பர் தரை ஒரு ஓரம் கிழிஞ்சு கெடக்கு. கொதோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யற பொது வேலை) போட்டு வாய்க்காலை சுத்தம் பண்றாங்க, ரப்பர் தரையை அப்படி செய்ய முடியாது.

அடுத்த தடவை மாத்திக் கேக்கிறது

பராமரிப்பு ரெண்டு வருஷம் பத்தாது, அஞ்சு வருஷம் கேக்கணும், இல்லன்னா உடையக்கூடிய சாமானே வேணாம்னு சொல்லிடணும், ரப்பருக்குப் பதிலா மணல். ஒரு கழிவறையும் தண்ணிக் குழாயும் கேட்டிருக்கணும்னு வயசானவங்க எல்லாரும் இப்போ சொல்றாங்க, அது சரிதான், அடுத்த பட்டியல்ல ஏத்தியாச்சு.

வாடகைக்காரங்க விஷயம். நோட்டீஸ் சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் போகுது, ஆனா பிளாட்டுல வாடகைக்கு இருக்கிற குடும்பங்க நிறைய, பாடாங்கை ஆக அதிகமா உபயோகிக்கிறது அவங்க பிள்ளைங்கதான். கையெழுத்து செல்லாட்டியும் அவங்க சொல்றதை தனியா வாங்கி இணைப்பா வெக்கணும்னு சங்கம் தீர்மானம் போட்டிருக்கு.

இன்னொன்னு ரொம்ப பேருக்குத் தெரியாது. அந்த 21 நாள் நோட்டீஸ் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான். உள்ளூர்த் திட்டம் அமலுக்கு வந்துட்டா பக்கத்து நெலத்துக்காரங்களுக்கு அந்தப் பிரிவுல நோட்டீஸ் அனுப்பணும்ங்கிற கட்டாயம் இல்ல. அப்போ பேச வேண்டிய நேரம் திட்டத்தோட வரைவை பொதுப் பார்வைக்கு வெக்கிற காலம்தான், எந்த லோட் என்ன உபயோகம், எவ்வளவு அடர்த்தின்னு அங்கதான் முடிவாகுது. அதனால சங்கம் இப்போ தாமானைச் சுத்தி உள்ள எல்லா திறந்தவெளியோட லோட் நம்பர், பரப்பு, கெஜட் ஆச்சா இல்லையாங்கிறதை ஒரு பட்டியலா எடுத்துக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு லோட்டுக்கு லேண்ட் ஆபிஸ்லேர்ந்து பதில் வரணும், வந்ததும் பட்டியல் கவுன்சிலுக்கும் வைபி ஆபிஸுக்கும் போகும்.